மை மீசை வைத்த பிணம்

பிணமாக நடிக்க யார் வருகிறீர்கள் என்று மேடம் கேட்டு முடிப்பதற்குள் நான் கை தூக்கிவிட்டேன். எதற்கும் முந்திக்கொண்டு கை தூக்குகிறவள் நான். ஊசி போட்டுக் காட்ட ஒரு கை வேண்டுமா, மெஸ் சாம்பார் ஊசிப்போனதைப் போய்ச் சொல்ல ஒரு வாய் வேண்டுமா, வகுப்பு முழுக்க என் பக்கம்தான் திரும்பும்.

"பொணத்துக்கு வசனம் கெடையாதுடி. வாயை மூடிக்கிட்டுப் படுத்திருக்கணும். உன்னால ஆவுமா?" என்றாள் பேராவூரணிக்காரி. எல்லாரும் சிரித்தார்கள். மேடமும்தான்.

பி.எஸ்ஸி. நர்சிங் மூன்றாம் வருஷம் அது. தஞ்சாவூரில், ஆஸ்பத்திரியோடு ஒட்டிய கல்லூரி. மேடம் எங்களுக்கு மனநல நர்சிங் எடுக்க வந்தவர். முப்பது வயதுகூட இருக்காது, எங்களைவிட வேகமாக நடப்பார். வந்த முதல் வாரமே கரும்பலகையைத் துடைத்துவிட்டு, ஆளுக்கு ஒரு கலர் பென்சில் கொடுத்து, "வலியை வரையுங்க" என்றார். எந்த உறுப்பின் வலி என்று கேட்டேன். "உறுப்பு இல்ல. வலி" என்றார். இன்னொரு நாள் ஆற்று வண்டலைக் கூடையில் கொண்டுவந்து வைத்து, நாங்கள் முதன்முதலில் தொட்ட நோயாளியின் கையை நினைவிலிருந்து செய்யச் சொன்னார். நான் செய்ததில் ஐந்து வெண்டைக்காய்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஆனால் அந்தக் கைக்கு மோதிரம் இருந்ததா, நகத்தில் மண் இருந்ததா என்று யோசிக்க யோசிக்க, அந்த நோயாளியை நான் பார்க்கவே இல்லை, அவருடைய ரத்தக்குழாயைத்தான் பார்த்திருக்கிறேன் என்று தெரிந்தது. அன்றிலிருந்து நான் மேடம் கட்சி.

பிரின்சிபால் அந்தக் கட்சி இல்லை. "பல்கலைக்கழகப் பரீட்சையில களிமண்ணுக்கு எத்தனை மார்க்கும்மா?" என்று வராந்தாவில் வைத்தே கேட்டார். பாலர் பள்ளி என்று மற்ற வகுப்புகள் எங்களுக்குப் பேர் வைத்தன.

மேடம் அசரவில்லை. "ரத்தக்கொதிப்பு பார்க்க உங்களுக்குத் தெரியுது. செத்தவரோட வீட்டு ஆள் பக்கத்துல நிக்கத் தெரியல. நான் வார்டுல பார்த்தேனே, அழுகைச் சத்தம் வந்ததும் அத்தனை பேரும் கேஸ் ஷீட்டுல மூஞ்சியை ஒளிச்சுக்கிட்டீங்க" என்றார். அதற்காகத்தான் அந்த நாடகம். புருஷன் வார்டில் செத்துவிட்டான்; பெண்டாட்டி வருகிறாள்; நர்ஸ் என்ன செய்வாள்? வசனம் எழுதக் கூடாது, அங்கேயே நடந்துகொள்ள வேண்டும்.

வழக்கமாக இந்த வகுப்பு பெரிய ஹாலில் நடக்கும். அந்த வாரம் அமைச்சர் வருகிறார் என்று ஹாலில் சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலில் வளைவு, தெரு முழுக்கக் கட்சிக்கொடி. ஆகவே மேடம் எங்களைப் பழைய கட்டடத்து அறைக்கு அழைத்துப்போனார். அந்தக் கட்டடத்தின் மறுபாதி பிணவறை. எங்கள் ஜன்னலுக்கு வெளியே ஒரு புங்கமரம். அதன் நிழலில்தான் நோயாளிகளின் சொந்தக்காரர்கள் சோற்றுத்தூக்கோடு காத்திருப்பார்கள். நாங்கள் யாரும் அதை யோசிக்கவில்லை. எங்களுக்கு அது ஒரு காலி அறை.

அந்த வாரம் புங்கமரத்தடியில் யார் இருந்தார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆண்கள் அறுவை வார்டில், மூலைக் கட்டிலில், மண்டை உடைந்த ஒருவர் கிடந்தார். ஆபரேஷன் முடிந்தும் கண் திறக்கவில்லை. கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒரு போலீஸ்காரர். திருவாரூர் போகும் வழியில் உள்ளடங்கிய ஊர் அடிபட்டவருடையது. கோயில் நிலத்தை அவர் குடும்பம் இரண்டு தலைமுறையாகக் குத்தகைக்கு உழுதது. அந்த வருஷம் குத்தகையை மேலத்தெருக்காரர் ஒருவருக்கு மாற்றிவிட்டதாக ஓர் உத்தரவு வந்தது. மேலத்தெருக்காரர் கரைவேட்டி கட்டுகிறவர். மாற்றக் கூடாது என்று கீழத்தெருக்காரர்களான இவர்கள் கையில் கோர்ட் தடை இருந்தது. தாசில்தார் இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசிக்கொண்டே இருந்தார். கதிர் அதற்கெல்லாம் காத்திருக்குமா? முற்றிச் சாய்ந்ததும் இரண்டு பக்கமும் அரிவாளோடு வயலில் இறங்கியது. பாதி வயல் அறுத்திருந்தபோது இவர் தலையில் மண்வெட்டிக் காம்பு விழுந்தது.

"இந்த ஆளு செத்தான்னா மேலத்தெருவுல ஒரு வைக்கோல்போர் மிஞ்சாது. வீடும்தான்" என்று வார்டு கூட்டுகிற அம்மா முதல் டாக்டர் வரை எல்லாரும் சொன்னார்கள். காலைப் பணியில் அவருடைய நாடியை எண்ணி எழுதியவள் நான். பலமாகத்தான் துடித்தது.

இனி நாடகம். ஆம்பளைப் பிணம் தேவைப்பட்டதால் பேராவூரணிக்காரி கண்மையால் எனக்கு மீசை வரைந்தாள். முறுக்கு மீசை. நெற்றி நிறைய விபூதி, நடுவில் சந்தனம் வைத்து ஒட்டிய ஒரு ரூபாய்க் காசு, பேண்டேஜ் துணியால் நாடிக்கட்டு, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து ஒரு கட்டு. வெள்ளைத் துணி மூடிப் படுத்தேன். பேராவூரணிக்காரி நர்ஸ். பெண்டாட்டியாக வந்த முதல் இரண்டு பேரும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"உங்க ஊர்ல இப்படியா அழுவாங்க?" என்றார் மேடம்.

மூன்றாவதாக நன்னிலத்துக்காரி எழுந்தாள். அதிகம் பேசாதவள். விவசாயக் கூலி வீட்டுப் பெண். அவர்கள் தெருவிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். என் கால்மாட்டில் உட்கார்ந்து, தலைமுடியை அவிழ்த்துவிட்டு, என் கணுக்காலைப் பிடித்தாள். பிறகு குரல் வந்தது.

பாதி வயலறுத்துப் பாதி கெடக்கையில
மீதி யாருக்கின்னு மவராசா போனீரோ
கட்டுன கட்டெடுக்கக் காளைவண்டி காத்திருக்க
கட்டையில போவதுக்கா கால்நீட்டிப் படுத்தீரோ

சிரிப்பு நின்றது. என் வீட்டில், தஞ்சாவூர் டவுனில், சாவு என்றால் ஆம்புலன்ஸ், ஐஸ் பெட்டி, மைக் செட். இப்படி ஒரு குரலுக்கு அடியில் நான் படுத்ததில்லை. அவள் திரும்பவும் முதல் அடிக்கு வந்தபோது இன்னொரு குரல் சேர்ந்தது. பிறகு இரண்டு, மூன்று. அடடா, வகுப்பே பாடுகிறது, மேடம் ஜெயித்துவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் சத்தம் ஜன்னல் பக்கமிருந்து வந்தது. மார்பில் அடிக்கிற சத்தமும் கூட.

"என்னை விட்டுட்டுப் போயிட்டியே... எனக்குச் சொல்லாமக் கொண்டாந்து போட்டுட்டானுவளே..."

பிணம் எழுந்து உட்கார்ந்தது.

புங்கமரத்தடியில் ஒரு பெண் மண்ணில் புரண்டுகொண்டிருந்தார். சுற்றிலும் பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். மூலைக் கட்டில்காரரின் சம்சாரம். பிணவறைப் பக்கமிருந்து ஒப்பாரி, அதிலும் பாதி அறுத்த வயல். சொந்தத்தில் யாருக்கோ முதலில் சொல்லிவிட்டார்கள் என்று இவர் நினைத்தார். அழுகை கேட்டால் கூட உட்கார்ந்து அழுவதுதான் எங்கள் பக்கத்து முறை. யார் செத்தது என்று எழவு வீட்டு வாசலில் நின்று விசாரித்துவிட்டா அழுவார்கள்?

கால்கட்டைப் பிய்த்தெறிந்துவிட்டு ஓடினேன். பின்னால் மேடமும் நன்னிலத்துக்காரியும்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் உயிரோட இருக்காரு. நாங்க பாடம் படிச்சோம். நாடகம்."

அவர் என்னைப் பார்த்தார். விபூதியும் காசும் மீசையும். என்ன புரிந்திருக்கும்! "மறைக்கிறீங்க" என்று கத்திக்கொண்டு வார்டுக்கு ஓடினார். வாசலில் போலீஸ்காரர் கையைக் குறுக்கே நீட்டினார். "இது போலீஸ் கேஸும்மா. இப்ப விட முடியாது." அந்த ஒரு வார்த்தை போதும். செத்துவிட்டான் என்று எழுதிக் கொடுத்த மாதிரி அவர் சுவரோடு சரிந்தார்.

மேடம் போலீஸ்காரரோடு சண்டை போட்ட இடைவெளியில் நான் அந்த அம்மாவை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். கட்டிலைப் பார்த்தும் பயனில்லை. தலை, முகம் எல்லாம் கட்டு; அசையாத உடம்பு. "பாருங்க, உயிரோட இருக்காரு" என்று சொன்னால் எனக்கே பொய் மாதிரிதான் இருக்கும். சொல்லவில்லை. அவர் விரல்களைப் பிடித்து, கணவருடைய கழுத்தின் பக்கவாட்டில், நாங்கள் தேடிப் பழகிய பள்ளத்தில் வைத்து அழுத்தினேன். "பேசாம இருங்க. விரல்ல மட்டும் பாருங்க."

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அவர் முகம் மாறியது.

"குதிக்குது" என்றார்.

"ஆமாங்க. அதான்."

கையை எடுக்கவே இல்லை. திடீரென்று நிமிர்ந்தார். "அய்யோ, எங்கொழுந்தன்! டீக்கடையில இருந்தான். அழுகையைக் கேட்டுட்டு வண்டியை எடுத்துக்கிட்டு ஊருக்குப் பறந்துட்டான்."

போலீஸ்காரர் ஸ்டேஷனுக்கு போன் போட ஓடினார். "போலீசு போய்ச் சொன்னா எவன் நம்புவான்? பொணத்த வச்சுக்கிட்டு சாவலைன்னு சொல்றதுதானே அவங்க வேலை" என்றார் அந்த அம்மா. கணவரின் கழுத்திலிருந்து கையை எடுத்து, அவர் காலை ஒரு தடவை அமுக்கிவிட்டார். என்னிடம் கேட்டார்: "நான் போயி வர்றதுக்குள்ள இது நின்னுடாதே?"

நிற்காது என்று சொல்ல எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நிற்கலாம் என்று சொல்லவும் முடியாது. எங்கள் பின்னாலேயே ஓடிவந்திருந்த பேராவூரணிக்காரியைக் காட்டி, "இவ பக்கத்துலயே இருப்பா. கையை எடுக்க மாட்டா" என்றேன். அவள் அதே இடத்தில் விரலை வைத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் நர்ஸ் வேஷம் அங்கேதான் முடிந்தது.

கல்லூரி வேனில் முன் சீட்டில் அந்த அம்மா. பின்னால் மேடம், நன்னிலத்துக்காரி, நான். அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கத்துத் தார்ச்சாலைகள் பாதி களம். வண்டிச் சக்கரம் மிதிக்கட்டும் என்று கதிரைப் பரப்பியிருப்பார்கள், நெல்லைக் காயப்போட்டுக் கல் வரிசை வைத்திருப்பார்கள். டிரைவர் ஒவ்வொரு குவியலுக்கும் பிரேக் போட்டுப் பல்லைக் கடித்தார். மோட்டார் சைக்கிளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

அந்த அம்மா திரும்பாமலே கேட்டார். "அந்தப் பாட்டு யாருக்குப் பாடினது?"

"எங்க அப்பாவுக்குங்க" என்றாள் நன்னிலத்துக்காரி. "அம்மா பாடினது. அறுப்புல நெஞ்சு வலி வந்து வரப்புலயே போயிட்டாரு."

"அப்ப எங்களுக்கு இல்ல."

"இல்லைங்க. சத்தியமா இல்லைங்க."

"உங்க அப்பன் எழவை எடுத்து வந்து பள்ளிக்கூடத்துல விரிச்சியா?" பிறகு மேடத்தின் பக்கம் திரும்பினார். "படிக்கிற புள்ளைவளுக்கு சாவு ஒரு வெளையாட்டா, டீச்சர்?"

மேடம் டிரைவரிடம் இன்னும் வேகமாகப் போகச் சொன்னார்.

ரயில்வே கேட் போட்டிருந்தது. "ஒருத்தன் இப்பத்தான் வண்டியைச் சாய்ச்சு அடியில தள்ளிக்கிட்டுப் போனான். அண்ணன் செத்துட்டான்னு அழுதான், நானும் விட்டுட்டேன்" என்றார் கேட்காரர். சரக்கு ரயில் ஒன்று, பெட்டி பெட்டியாக, ஊர்வலம் போகிற மாதிரி போனது. அந்த அம்மா டாஷ்போர்டைக் கையால் அடித்துக்கொண்டே இருந்தார்.

ஊருக்கு முன்னால் ஒரு வாய்க்கால், அதன் மேல் மதகு. வேன் அதைத் தாண்டவில்லை. எதிரே கீழத்தெரு ஆம்பளைகள் சாலையை அடைத்து நின்றார்கள். எல்லார் கையிலும் கதிரரிவாள். ஒருவர் மண்ணெண்ணெய் டின்னைக் கீழே வைக்காமல் நின்றார். அப்பால் மேலத்தெருவில் ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. ஒரு வைக்கோல்போர் உச்சியில் ஒரு தலை மட்டும் எங்களைப் பார்த்தது.

அந்த அம்மா முன் கதவைத் திறந்து இறங்கினார். நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி. "உங்க அண்ணன் உசுரோட இருக்காருடா!"

கூட்டம் அசைந்தது. கொழுந்தன் அசையவில்லை. கண் சிவந்திருந்தது. "ஒங்களை ஏமாத்திட்டாங்க அண்ணி. மூஞ்சியப் பாத்தீங்களா? பூரா கட்டு. எவனையோ படுக்க வச்சுக் காட்டியிருக்காங்க."

"முப்பது வருஷமா அந்தக் கால அமுக்குறேன். எனக்குத் தெரியாதா எவன் காலுன்னு?"

"அப்ப நான் கேட்ட அழுகை? எங்காதால கேட்டேனே. பாதி வயலறுத்துன்னு நம்ம வயலைச் சொல்லியில்ல அழுதாங்க."

நன்னிலத்துக்காரி முன்னால் போனாள். "நான்தாங்க அழுதேன். காலேஜ்ல பாடம்."

"எழவு அழுவுறது பாடமா?" என்று யாரோ கேட்டார்கள். "அப்ப செத்தது யாரு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நாடிக்கட்டு கழுத்தில் மாலை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. காசு எங்கேயோ விழுந்துவிட்டது. மீசை இருந்தது.

"நாந்தாங்க" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. கொழுந்தன் நன்னிலத்துக்காரியிடம் வந்தார். "அழு பாப்போம். அந்தக் குரல் எனக்குத் தெரியும். இல்லைன்னா..." இல்லையென்றால் என்ன என்று முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை.

"இங்க வேணாம்" என்று அந்த அம்மா குறுக்கே வந்தார். "உசுரோட இருக்குற மனுசனுக்கு எங்க எல்லைக்குள்ள ஒப்பாரி கூடாது. மதகுக்கு அந்தாண்ட போயிப் பாடு." பிறகு தன் தெருவுக்கு முதுகைக் காட்டி, மேலத்தெருக்காரர் கண்ணுக்குப் பொட்டு தெரிகிற மாதிரி திரும்பி மதகின் மேல் நின்றுகொண்டார். அழுகை கேட்டு அந்தப் பக்கம் ஏதாவது ஆரம்பித்துவிடக் கூடாது என்று அவருக்குத்தான் தோன்றியது.

நன்னிலத்துக்காரி வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவையும். என் பக்கம் திரும்பினாள். "ஆள் இல்லாம வரலடி."

அன்றைக்கு முதன்முறையாக நான் கை தூக்கவில்லை. ஆனால் படுத்தேன். தார்ச்சாலையில், யாரோ காயப்போட்ட வைக்கோல் மேல். கண்ணை மூடினேன். வகுப்பில் கண்ணை மூடியபோது என்னைச் சுற்றித் தோழிகள் நின்றார்கள். இங்கே செருப்புகள் நெருங்கி வந்தன. ஓர் அரிவாள் இன்னொன்றில் உரசிற்று. பின்கழுத்தில் வைக்கோல் குத்தியது, சொறியக் கை பரபரத்தது. பிணம் சொறிந்துகொண்டால் எல்லாம் போச்சு. மூச்சை மேலோட்டமாக விட்டேன். அவள் கை என் கணுக்காலைப் பிடித்தது. ஐஸ் மாதிரி இருந்தது.

பாதி வயலறுத்து...

குரல் உடைந்து நின்றது. தலைமாட்டில் கொழுந்தனின் மூச்சு மட்டும் கேட்டது. மறுபடி பிடித்தாள். இம்முறை உடையவில்லை. வகுப்பில் பாடியதைவிட மெதுவாக, தன் அப்பாவுக்கு மட்டும் கேட்டால் போதும் என்கிற மாதிரி பாடினாள். இரண்டாம் அடி. மூன்றாம் அடி. காளைவண்டி காத்திருந்தது.

"நிறுத்து."

நிறுத்தினாள்.

"இதான்" என்றார் கொழுந்தன். "இதே குரல்தான்."

தொப்பென்று சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தேன். அவர் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அரிவாளை மடியில் போட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடியிருந்தார். தோள் குலுங்கியது. அண்ணன் செத்துவிட்டான் என்று ரயில்வே கேட்டில் அழுதவர், அண்ணன் சாகவில்லை என்று இங்கே அழுதார். கூட்டத்தில் ஒருவர், "ஏலே, அந்தப் பொணத்து மீசையப் பாரு, ஒன் மீசையவிட எடுப்பா இருக்கு" என்றார் பக்கத்து ஆளிடம். ஒரு சிரிப்பு, பயந்து பயந்து, கிளம்பியது. மண்ணெண்ணெய் டின் கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. அதைத்தான் நான் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போலீஸ் ஜீப் அதற்குப் பிறகுதான் வந்தது.

நிலம் அப்படியேதான் கிடந்தது, பாதி அறுத்தபடி. அதன் வழக்கு இன்னும் நடக்கிறது. எங்கள் வகுப்பை நிறுத்த வேண்டும் என்று பிரின்சிபால் மறுநாள் கூட்டம் போட்டார். களிமண்ணும் கலர் பென்சிலும் இருக்கட்டும், அழுகை மட்டும் கூடாது என்று முடிந்தது. பிணவறைப் பக்கத்து அறையை மேடமே பூட்டச் சொன்னார். ஆனால் அந்தச் சாயங்காலம் இதெல்லாம் யார் நினைவிலும் இல்லை. வேனில் திரும்பும்போது அந்த அம்மா வலது கை விரல்களைத் தன் கழுத்தில் வைத்துப் பார்ப்பார், பிறகு எடுப்பார், பிறகு வைப்பார். இடம் மறந்துவிடக் கூடாது என்று.

வார்டு வாசலில் போலீஸ்காரர் இந்தத் தடவை கையை நீட்டவில்லை. மூலைக் கட்டிலில் பேராவூரணிக்காரி வைத்த விரல் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளிடம் ஒன்றும் கேட்காமல், என்னையும் கூப்பிடாமல், அந்த அம்மா குனிந்து அவள் விரலை எடுத்துவிட்டுத் தன் விரலை வைத்தார். தலையைச் சாய்த்துக்கொண்டார். மேடம் என் தோளைப் பிடித்திருந்தார்.

"இருக்கு" என்றார் அந்த அம்மா.